கழுத்தில் கட்டி, தொண்டையில் வைரஸ்: அறுபது வயதுக்குமேல் வரும் எச்பிவி புற்றுநோய்

வாய்ப்புற்றுநோய் என்றதும் நம் ஊரில் எல்லோர் மனதிலும் ஒரு படம் வந்துவிடும். வருடக்கணக்காகப் புகையிலையும் பாக்கும் அடக்கிவைத்த கன்னம், அங்கே ஆறாத புண், சரியாகத் திறக்க முடியாத வாய். இந்தப் படம் தவறில்லை. இந்தியாவில் வாய்ப்புற்றுநோயின் பெரும்பங்கு இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. ஆனால் புகையிலையைத் தொடாதவருக்கும் வரக்கூடிய இன்னொரு வகை இருக்கிறது. அதில் பெரும்பாலும் வாயில் புண் இருக்காது, வலியும் இருக்காது. அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே ஏதோ உருண்டையாகக் கையில் தட்டுப்படும், அவ்வளவுதான். எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரசால் வரும் இந்தப் புற்றுநோயை வயதானவர்களிடம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

வாய் எங்கே முடிகிறது?

முதலில் இடம் தெளிவாக வேண்டும். உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பக்கம், நாக்குக்கு அடியில் உள்ள பகுதி, மேலண்ணத்தின் கடினமான பாகம் ஆகியவை வாய்க்குழி. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால் இவற்றை நாமே பார்த்துவிடலாம். அதற்குப் பின்னால் டான்சில்கள், நாக்கின் அடிப்பகுதி (தொண்டைக்குள் இறங்கும் பின்பாகம்), மெல்லண்ணம், தொண்டையின் பின்சுவர் ஆகியவை வருகின்றன. இது வாய்த்தொண்டை. செய்திகளில் இரண்டையும் சேர்த்து 'வாய்ப்புற்றுநோய்' என்றே எழுதிவிடுகிறார்கள். நோயைக் கண்டறிய வேண்டியவருக்கோ இரண்டும் வேறு வேறு உலகம்.

வாய்க்குழியில் வருபவற்றுக்குப் புகையிலை, பாக்கு, மதுதான் முக்கியக் காரணங்கள். எச்பிவி அங்கே பெரிதாக எதுவும் செய்வதில்லை. அதற்குப் பிடித்த இடம் வாய்த்தொண்டை, அதிலும் டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும். காரணம் அந்தத் திசுவின் அமைப்பு. டான்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் நிறைய உண்டு. குழிகளின் உட்புறப் படலம், நோய் எதிர்ப்புச் செல்கள் எளிதாக வந்து போவதற்காக, நிறைய இடைவெளிகளோடு இருக்கும். வைரஸ் நுழைவதற்கும் அதே இடைவெளிகள் வசதியாகிவிடுகின்றன. புற்றுநோய் தொடங்குவதும் அந்தக் குழிகளுக்குள்ளேதான். ஆகவே பல்மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொன்னால், அது முன்பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும்.

முப்பது வருடம் காத்திருக்கும் வைரஸ்

எச்பிவியில் 200க்கும் அதிகமான வகைகள் உண்டு. பல வகைகளால் எந்தத் தொந்தரவும் இல்லை, சில வகைகள் கையிலும் காலிலும் மரு உண்டாக்கும், ஒரு டஜனுக்கு மேற்பட்டவை மட்டும் புற்றுநோய்வரை போகக்கூடியவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவிதான் காரணம் என்று நிறுவியதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தொண்டைக்கும் இந்த வைரசுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகப் பேசப்பட்டது 2000ஆம் ஆண்டுவாக்கில். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மௌரா கில்லிசன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. எச்பிவி இருக்கும் தொண்டைப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு 16ஆம் வகை ஒன்றே பொறுப்பு.

அமெரிக்காவில் நடந்த மாற்றம் திகைக்க வைப்பது. 1984 முதல் 1989 வரை எடுத்துச் சேமித்துவைத்த வாய்த்தொண்டைப் புற்றுநோய்த் திசுக்களைப் பின்னாளில் சோதித்தபோது, எச்பிவி இருந்தவை சுமார் 16 சதவீதம். 2000 முதல் 2004 வரையிலான திசுக்களில் அது சுமார் 72 சதவீதம். சிகரெட் பழக்கம் குறையக் குறைய பழைய வகை குறைந்தது, வைரஸ் வகை ஏறியது. இன்றைக்கு அந்த நாட்டில் எச்பிவியால் வரும் தொண்டைப் புற்றுநோய்களின் எண்ணிக்கை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தாண்டிவிட்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள்.

ஆரம்பத்தில் இதை 'நடுவயதுக்காரர்களின் புற்றுநோய்' என்றுதான் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புகைப்பழக்கத்தால் வரும் வகையைவிட இளையவர்களிடம் காணப்பட்டதால் அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர்தான் இப்போது தொல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, எச்பிவி வகை கண்டறியப்படும் இடைநிலை வயது (பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் மேலே) 1998இல் 53ஆக இருந்து 2013இல் 58ஆக உயர்ந்திருந்தது. எழுபது வயதுக்காரர்களிடமும் இந்த வகை கூடிக்கொண்டே வருகிறது.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வைரஸ் தொற்றுவதற்கும் புற்றுநோய் தலைகாட்டுவதற்கும் இடையில் பத்து, இருபது, முப்பது வருடங்கள்கூட ஓடிவிடும். இளமையில் தொற்று வாங்கிய தலைமுறை இப்போது முதுமைக்குள் வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சுவாரசியமான தகவலும் உண்டு. 2009, 2010இல் அமெரிக்காவில் 14 முதல் 69 வயதுவரை உள்ளவர்களின் வாயைக் கொப்பளிக்கச் செய்து சோதித்தார்கள். மொத்தத்தில் 7 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு வகை எச்பிவி இருந்தது. வயதுவாரியாகப் பார்த்தால் முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஏற்றம், 60 முதல் 64 வயதுக்குள் இன்னொரு ஏற்றம். இரண்டாவதுதான் பெரியது, 11 சதவீதத்துக்கும் மேல். வயதோடு எதிர்ப்புச் சக்தி தளர்வதாலா, அந்தத் தலைமுறையின் வாழ்க்கைமுறையாலா என்று இரண்டு விளக்கங்களும் பேசப்படுகின்றன.

இங்கே பயந்துவிடக் கூடாது. வாயில் வைரஸ் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமே இல்லை. பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு வருடங்களில் அதைத் துரத்திவிடுகிறது. 16ஆம் வகை இருந்தவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒருவர்தான். அவர்களிலும் மிகச் சிலருக்கே பின்னாளில் நோய் வரும்.

நோய் இருப்பது தொண்டையில், தெரிவது கழுத்தில்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் கழுத்தில் நெறி கட்டுவதுதான். டான்சில் குழிக்குள் இருக்கும் மூலக்கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அதிலிருந்து கிளம்பிய செல்கள் கழுத்தின் நிணநீர் முடிச்சுக்குப் போய் அங்கே நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருக்கும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகர மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எச்பிவி வகை நோயாளிகளில் 51 சதவீதம் பேர் முதலில் கவனித்தது கழுத்துக் கட்டியை. தொண்டைவலி என்று வந்தவர்கள் 28 சதவீதமே. வைரஸ் இல்லாத வகையில் இது அப்படியே தலைகீழ்: கட்டி 18, தொண்டைவலி 53.

கட்டியின் தன்மையும் ஆளை ஏமாற்றும். எச்பிவி வகையில் நிணநீர் முடிச்சுக்குள் பல நேரம் நீர் கோத்துக்கொள்ளும். தொட்டால் மெத்தென்று இருக்கும். ஸ்கேனில் நீர்க்கட்டிபோலத் தெரியும். கழுத்தின் பக்கவாட்டில் பிறவிக் குறைபாட்டால் வரும் ஒருவகை நீர்க்கட்டியும் பார்வைக்கு இதேபோல இருக்கும் என்பதால், "சாதாரண நீர்க்கட்டி, விட்டுவிடலாம்" என்று முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. பிறவி நீர்க்கட்டி பொதுவாக இளம்வயதில் வெளிப்படும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி என்றால், வேறு ஏதோ என்று நிரூபணமாகும்வரை அதைப் புற்றுநோயாகவே கருதி ஆராய வேண்டும் என்பது இந்தத் துறையில் எழுதப்படாத சட்டம்.

வயது என்னும் திரை

வயதானவர்களிடம் இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் தொழில்நுட்பக் குறைபாடு இல்லை. எல்லா அறிகுறிக்கும் வேறொரு சமாதானம் தயாராகக் கையில் இருப்பதுதான். விழுங்கும்போது தொண்டையில் ஏதோ சிக்குகிறது என்றால், அசிடிட்டி. எடை குறைந்தால், வயதாகிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது. தூக்கத்தில் குறட்டை கூடினால், அது எப்போதும் இருப்பதுதானே. பல் செட் பொருந்தவில்லை என்றால், ஈறு சுருங்கிவிட்டது. பக்கவாதம் வந்து தேறியவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறினால் யார் டான்சிலைப் பார்க்கப்போகிறார்கள்?

இதில் காதுவலி தனிக் கதை. டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் உணர்ச்சி கொண்டுசெல்லும் அதே நரம்பின் ஒரு கிளை காதுக்கும் போகிறது. அதனால் தொண்டைக் கட்டி காதில் வலிக்கும். ஏற்கெனவே காது மந்தமான பெரியவர் "ஒரு பக்கம் காது குத்துகிறது" என்றால் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காதைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரே பக்கம் வாரக்கணக்கில் வலிக்கிறது என்றால் தொண்டையைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஆன்டிபயாட்டிக். கழுத்தில் நெறி கட்டினால் ஒரு கோர்ஸ் மாத்திரை, குறையவில்லையென்றால் இன்னொரு கோர்ஸ். மூன்று மாதம் இப்படியே போய்விடும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2017இல் பெரியவர்களின் கழுத்துக் கட்டிக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. காய்ச்சல், சிவப்பு, தொட்டால் வலி என்று தொற்றின் அடையாளங்கள் இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம் என்று அது நேரடியாகவே சொல்கிறது. இரண்டு வாரத்துக்குமேல் குறையாமல் நிற்கும் கட்டி, கெட்டியான கட்டி, அசையாத கட்டி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி ஆகியவற்றை அது சந்தேகப் பட்டியலில் வைக்கிறது. நம் நாட்டில் இதோடு காசநோயும் சேர்ந்துகொள்கிறது. கழுத்தில் நெறி கட்டினால் டிபி என்ற எண்ணம் இங்கே இயல்பு. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஊசிப் பரிசோதனை செய்யாமல் ஆறு மாத டிபி மருந்தைத் தொடங்குவது, அதுவும் அறுபது வயதுக்காரருக்குத் தொடங்குவது, பெரிய சூதாட்டம்.

அமெரிக்க நடிகர் மைக்கேல் டக்ளசின் அனுபவம் பலருக்கு நினைவிருக்கலாம். 2010இல், 65 வயதில், அவருக்கு நாக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது அது முற்றிய கட்டம். அதற்கு முன் பல மருத்துவர்களைப் பார்த்ததாகவும், ஆன்டிபயாட்டிக் தந்ததாகவும், கடைசியில் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்த்தபோதுதான் கட்டி தெரிந்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எச்பிவி பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். வசதியும் பெரிய மருத்துவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவருக்கே இந்த நிலை.

மருத்துவர் என்ன செய்வார்?

நல்ல ஈ.என்.டி. மருத்துவர் முதலில் பயன்படுத்துவது தன் கண்ணையும் விரலையும்தான். இரண்டு டான்சில்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வயதாக ஆக டான்சில் சுருங்கிப்போகும். எனவே எழுபது வயதில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கையுறை போட்டுக்கொண்டு டான்சிலையும் நாக்கின் அடிப்பகுதியையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் குமட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத கெட்டித்தன்மை விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு நாக்கின் பின்புறம், குரல்வளை எல்லாவற்றையும் பார்ப்பார். மயக்கமருந்து தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கழுத்துக் கட்டியில் செய்வது எஃப்.என்.ஏ.சி. எனப்படும் ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. நீர் கோத்த கட்டியில் ஊசி போட்டால் சில நேரம் வெறும் நீர்தான் வரும், செல் அகப்படாது. ரிப்போர்ட்டில் 'புற்றுநோய்ச் செல்கள் இல்லை' என்றிருக்கும். அதை நம்பி வீட்டுக்குப் போவதற்குமுன், போதுமான செல்கள் கிடைத்தனவா என்று கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே கட்டியின் சுவரிலிருந்து மறுபடி எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இந்தப் பரிசோதனைக்காகத் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. ஊசி மிக மெல்லியது, பெரும்பாலும் நிறுத்தாமலே செய்துவிடலாம். எதுவானாலும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

"கட்டியை வெட்டி எடுத்து அனுப்பிப் பார்த்துவிடலாமே" என்று சிலர் அவசரப்படுவார்கள். கேட்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் மூலக்கட்டி எங்கே என்று தெரியாமல் கழுத்தைத் திறந்தால் தழும்பு விழும், பின்னால் செய்யவேண்டிய சரியான அறுவை சிக்கலாகும், செல்கள் சிதறவும் கூடும். அதனால் திறந்து எடுப்பது கடைசி வழி.

ஸ்கேன் என்றால் கண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கண்ட்ராஸ்டுக்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார்கள். முதியவர்களிடம் இதைத் தவிர்க்கவே கூடாது. ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தும் தொண்டையில் எதுவும் தெரியாவிட்டால், சுறுசுறுப்பாக வேலை செய்யும் செல்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் உதவும். பரிசோதனைக்காக டான்சிலைக் கிள்ளி எடுப்பதற்கு (பயாப்சி) முன்பே பெட் எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் கிள்ளிய புண்ணும் ஸ்கேனில் ஒளிர்ந்து குழப்பும்.

பெட்டிலும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் கட்டிகளும் உண்டு. அப்போது மயக்கம் கொடுத்து, அந்தப் பக்கத்து டான்சிலை முழுதாக எடுத்துச் சீவிச் சீவிப் பார்ப்பார்கள். தேவையானால் நாக்கின் அடிப்பகுதியிலுள்ள டான்சில் போன்ற திசுவையும் எடுப்பார்கள். 2009இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ரோபோ வழி வாய் அறுவை இதைச் சுலபமாக்கியிருக்கிறது. சின்னத் துணுக்காகக் கிள்ளிப் பார்த்தால் தவறிப்போகும் கட்டி முழு டான்சிலில் கிடைத்துவிடும். மூலம் எங்கே என்று தெரிந்தால் கதிர்வீச்சைத் தொண்டை முழுக்கப் பாய்ச்சாமல் குறிபார்த்துக் கொடுக்க முடியும். எச்சில் சுரப்பும் விழுங்கும் திறனும் முடிந்தவரை மிஞ்சும். முதியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பி16 என்ற சோதனை

புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு அடுத்த கேள்வி, இது வைரஸ் வகையா, இல்லையா. இதற்குப் பெரும்பாலும் செய்வது பி16 என்ற சோதனை. பெயரைப் பார்த்து 16ஆம் வகை வைரசைத் தேடுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. பி16 நம் உடலே தயாரிக்கும் ஒரு புரதம். செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. எச்பிவி தன் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களால் செல்லின் காவல் ஏற்பாடுகளை முடக்குகிறது. இ6 முடக்குவது பி53 என்ற காவல் புரதத்தை, இ7 முடக்குவது ஆர்பி என்ற இன்னொரு காவல் புரதத்தை. ஆர்பி வழியாகத்தான் பி16இன் பிடி வேலை செய்யும். சைக்கிளில் பிரேக் வயர் அறுந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது, நாம் இன்னும் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்போம் இல்லையா? அதுபோல ஆர்பி அறுந்த செல் பி16ஐ அளவுக்குமீறிக் குவிக்கிறது. சாயமேற்றிப் பார்த்தால் திசு முழுக்க அடர்ந்த பழுப்பு நிறம். கட்டிச் செல்களில் குறைந்தது 70 சதவீதத்தில் அப்படி அழுத்தமாக நிறம் ஏறியிருந்தால் பி16 பாசிட்டிவ்.

ஆக, பி16 காட்டுவது வைரசை இல்லை, வைரஸ் செய்துவிட்டுப் போன வேலையை. வேறு காரணத்தாலும் சில கட்டிகளில் பி16 ஏறும். 2023இல் வெளியான, பல நாடுகளைச் சேர்ந்த 7,000க்கும் அதிகமான நோயாளிகளின் தொகுப்பு ஆய்வில், பி16 முடிவும் வைரஸ் சோதனை முடிவும் சுமார் 9 சதவீதம் பேருக்கு ஒத்துப்போகவில்லை. எச்பிவி வகை குறைவாக உள்ள பகுதிகளில்தான், பி16 பாசிட்டிவாக இருந்தும் வைரஸ் இல்லாதவர்களின் பங்கு அதிகம். நமக்கு இது முக்கியம். இந்தியாவில் தொண்டைப் புற்றுநோயில் எச்பிவியின் பங்கு மேலைநாடுகளைவிடக் குறைவு, எனவே இங்கே பி16ஐ மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவதில் சறுக்கல் வாய்ப்பு கூடுதல். வசதி இருந்தால் வைரசின் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏவையே நேரடியாகத் தேடும் சோதனையையும் செய்வது நல்லது. கன்னத்திலோ ஈறிலோ வந்த புற்றுநோய்க்கு வழக்கமாக பி16 பார்க்கச் சொல்வதில்லை. அங்கே பாசிட்டிவ் வந்தாலும் அது நோயின் போக்கைச் சொல்லாது.

வாய்த்தொண்டைப் புற்றுநோய் என்றால் விஷயம் வேறு. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்களின் கல்லூரி தந்த வழிகாட்டுதல், புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு வாய்த்தொண்டைச் செதில்செல் புற்றுநோய்க்கும் (உட்படலத்தின் தட்டையான செல்களில் தொடங்குவது) இந்தச் சோதனை வேண்டும் என்கிறது. வயது வரம்பு எதுவும் அதில் இல்லை. "எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு எச்பிவி எங்கே வரப்போகிறது" என்று சோதனையை விட்டுவிடுவதுதான் நடுவயதுக்காரர் நோய் என்ற பழைய பெயர் செய்யும் தீங்கு. "ஒரு காலத்தில் பீடி பிடித்தார், அதனால்தான்" என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான். புகைத்தவருக்கும் எச்பிவி வகை வரலாம்.

நான்காம் கட்டம் முதல் கட்டம் ஆன கதை

சோதித்து என்ன லாபம் என்றால், இரண்டு வகைகளின் போக்கும் வேறு. 2010இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், முற்றிய வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களில், எச்பிவி வகையினர் 82 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாத வகையில் 57 சதவீதம். இந்த வித்தியாசத்தால் கட்டம் பிரிக்கும் முறையையே மாற்றினார்கள். சின்ன டான்சில் கட்டி, அதே பக்கத்துக் கழுத்தில் பல முடிச்சுகள் என்றால் பழைய முறையில் அது நான்காம் கட்டம். 2018 முதல் நடைமுறைக்கு வந்த, கட்டம் பிரிக்கும் விதிகளின் எட்டாம் பதிப்பில், பி16 பாசிட்டிவாகவும் முடிச்சுகள் 6 சென்டிமீட்டருக்குள்ளும் இருந்தால் அதே நோய் முதல் கட்டம்! இணையத்தில் பழைய அட்டவணையைப் பார்த்துவிட்டு உறைந்துபோகும் குடும்பங்களுக்கு இதை யாராவது உடனே சொல்ல வேண்டும். நோய் சின்னதாகிவிடவில்லை, சிகிச்சை லேசாகிவிடவும் இல்லை. பிழைக்கும் வாய்ப்பைச் சரியாகச் சொல்லும் அளவுகோல் வந்திருக்கிறது.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆதாயம் கொஞ்சம் குறைகிறது. நெடுநாள் புகைத்தவர்களுக்கும் அப்படியே. 2010 ஆய்வு போட்ட கோடு, தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து வருடம். முப்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்ட பழக்கமாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

சிகிச்சையை இங்கே விரிக்கப்போவதில்லை. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு வழக்கமாக ஏழு வாரத்தில் 35 முறை. கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அது காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் தொடங்கும் முன்பே கேட்கும் திறனைச் சோதித்துவைக்க வேண்டும். எழுபதுக்குமேல் கீமோவைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் தேய்ந்துவிடுகிறது என்று பழைய ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. "லேசான மருந்து போதாதா" என்று செட்டக்சிமாப் என்ற வேறொரு புற்றுநோய் மருந்தை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தார்கள். எச்பிவி வகையிலும் சிஸ்பிளாட்டினே மேல் என்று வந்தது. பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஜி8 என்ற எட்டுக் கேள்விச் சோதனையால் பெரியவரின் சாப்பாடு, நடமாட்டம், ஞாபகம், மருந்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளக்கிறார்கள். 17க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முதியோர் மருத்துவர் விரிவாகப் பரிசோதிப்பார். தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கும் எழுபத்தாறு வயதுக்காரரும், படுக்கையோடு இருக்கும் அறுபத்தாறு வயதுக்காரரும் ஒன்றில்லையே.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கர்ப்பப்பை வாய்க்கு, செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை இருப்பதுபோலத் தொண்டைக்கு எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைப் பார்த்து அகற்றிவிடலாம். டான்சில் குழிக்குள் அப்படி ஒரு நிலையை யாராலும் பார்க்க முடிவதில்லை. வாய் கொப்பளித்து வைரஸ் சோதிக்கும் கிட்டுகளை நோயில்லாதவர்கள் வாங்கிச் செய்வதில் பயனில்லை, கவலைதான் மிச்சம். ரத்தத்தில் கட்டியிலிருந்து உதிரும் வைரஸ் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனை சமீப ஆண்டுகளில் வந்திருக்கிறது. சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க மேலைநாடுகளில் பயன்படுத்துகிறார்கள். பொதுமக்களைச் சலித்துப் பார்க்க அது இன்னும் பரிந்துரைக்கப்படவில்லை.

வீட்டில் கேட்கப்படும் கேள்வி

எச்பிவி உடலுறவு வழியாகப் பரவுவது, தொண்டைக்குப் போவது முக்கியமாக வாய்வழி உறவால். இதைக் கேட்டதும் நாற்பது வருடம் குடும்பம் நடத்திய தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் சங்கடத்தை எந்த மருத்துவரும் தவிர்க்க முடியாது. சில மருத்துவர்கள் பெரியவர்களிடம் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்வது, ஆனால் வீட்டுக்குப் போய் மகனோ மகளோ ரிப்போர்ட்டை இணையத்தில் தேடும்போது பத்து மடங்கு சங்கடமாகிவிடும். நேராகச் சொல்லிவிடுவதே மேல்: தாம்பத்திய வாழ்வு உள்ள பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது எச்பிவி தொற்றியிருக்கும். தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. யாருடைய இன்றைய நடத்தைக்கும் அது சாட்சியாகாது.

நோயாளியின் மனைவிக்கோ கணவருக்கோ ஆபத்து கூடுமா என்றால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் நெடுநாள் துணைவர்களைச் சோதித்தபோது அவர்கள் வாயில் 16ஆம் வகை இருந்த விகிதம் பொதுமக்களிடம் இருப்பதைப் போலத்தான் இருந்தது. தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டியதில்லை, பேரக்குழந்தையைக் கொஞ்சத் தயங்க வேண்டியதும் இல்லை. மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பாக்கி இருந்தால் அதைச் செய்துகொள்ளலாம், தொண்டைக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை. எச்பிவி தடுப்பூசி, ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றையோ நோயையோ குணமாக்காது, அதனால் நோயாளிக்கு அதனால் பலன் இல்லை. அது வைரஸ் தொற்றும் வயதுக்கு முன்னால், ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடவேண்டியது. வீட்டில் அந்த வயதில் பேரனோ பேத்தியோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.